மூடியில் எழுதியிருந்த பேர்

ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கிடலாமாக்கா? பாப்பாவுக்கு எதிர்க்காத்து ஆகாது. போதும் போதும், பாதி போதும். நமக்கும் மூச்சு விடணும்ல.

மதுரைக்குத்தான். அங்க இவங்க அப்பா வந்து நிப்பாரு, அங்கயிருந்து ரயில்ல மெட்ராஸ். ஆமா, வேலை அங்கதான். கம்ப்யூட்டர் வேலை, புரோகிராம் எழுதறது. ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க. பெரிய படிப்பு, பெரிய வேலைன்னு யாராவது சொன்னா இப்பல்லாம் எனக்கு உடம்பு கூசுது. நிஜமாத்தான். இந்தப் படிப்பை வச்சுக்கிட்டு நான் பண்ணின காரியத்துக்கு, சொந்தக்காரங்க முகத்தை நிமிந்து பாக்க முடியலை. இப்பக்கூட அந்த விஷயமாத்தான் ஊருக்கு வந்துட்டுத் திரும்பறேன்.

பெரிய தப்பு இல்லைக்கா. ஒரே ஒரு வரி. கீழ இருக்க வேண்டிய வரி மேல போயிருச்சு, அவ்வளவுதான். சொன்னா நம்ப மாட்டீங்க. நீங்க எங்க இறங்கணும்? திருமங்கலமா? அப்ப நேரம் இருக்கு, கேளுங்க.

எங்க குடும்பம் பெருசு. கோவில்பட்டியில பாதித் தெரு எங்க ஆளுங்கதான், மீதிப் பேரு சாத்தூர், சிவகாசி, எட்டயபுரம்னு சிதறிக் கிடக்காங்க. எந்த விசேஷம்னாலும் யாராவது ஒரு வீடு விட்டுப்போகும், அதுக்கு ஒரு சண்டை நடக்கும். எங்க அண்ணன் கல்யாணத்துல அப்பாவோட அத்தை மகன் ஒருத்தரை விட்டுட்டாங்க. மனுஷன் நேரா மண்டபத்துக்கு வந்து, வாசல்ல கட்டின வாழை மரத்தைப் பிடிச்சுக்கிட்டு, "நான் செத்தா போயிட்டேன்?"னு ஒரே சத்தம். தாலி கட்டுற நேரம். நாதஸ்வரக்காரரே வாசிக்கிறதை நிறுத்திட்டாரு.

அதனால என் வளைகாப்பு வந்தப்ப நான்தான் ஜம்பமா சொன்னேன். "அம்மா, இந்தத் தடவை பேரையெல்லாம் கம்ப்யூட்டர்ல போடறேன். ஒருத்தர் பேரும் விட்டுப்போகாது, பாரு"ன்னு. என் வாயில வாஸ்து சரியில்லை.

எப்படின்னா, ஒரு பெரிய பெட்டி இருக்குன்னு வச்சுக்கோங்க. அதுக்கு மூடி. மூடி மேல குடும்பத் தலைவர், அவரு வீட்டம்மா பேரு எழுதியிருக்கும். உள்ள அவங்க பிள்ளைங்க. கல்யாணம் ஆகாத பிள்ளைன்னா பேரு எழுதின ஒரு சீட்டு, அவ்வளவுதான். கல்யாணம் ஆயிட்டா அது தனிக் குடும்பம்ல, அப்ப சீட்டு இல்லை, ஒரு சின்னப் பெட்டி. அதுக்கும் மூடி, மூடியில பேரு, உள்ள அவங்க பிள்ளைங்க. அந்தப் பிள்ளைக்கும் கல்யாணம் ஆயிருந்தா அதுக்குள்ள இன்னொரு பெட்டி. புரியுதுல்ல? இப்ப எல்லாப் பெட்டியையும் திறந்து எல்லாப் பேரையும் வெளிய எடுக்கணும். எத்தனை அடுக்கு இருக்குன்னு நமக்குத் தெரியாது. அதனால, "பெட்டியைத் திற, சீட்டு இருந்தா எடுத்து வை, பெட்டி இருந்தா அதையும் இதே மாதிரி திற"ன்னு எழுதிட்டா போதும், அதே வேலை தன்னைத்தானே கூப்பிட்டுக் கூப்பிட்டு உள்ள போயிட்டே இருக்கும். அதுக்கு ரிகர்ஷன்னு பேரு. எங்க நிக்கணும்னு மட்டும் நாம சொல்லணும். பெட்டி காலியா இருந்தா நில்லு, திரும்பி வான்னு.

எங்க ஆபீஸ்ல புதுசா சேர்ற பிள்ளைங்களுக்கு இதைச் சொல்லிக் குடுக்கறதே நான்தான்க்கா. அதுதான் கேவலம். யாரு எழுதிக் கொண்டு வந்தாலும், "காலிப் பெட்டியை வச்சு ஓட்டிப் பாத்தியா?"ன்னுதான் முதல் கேள்வியே கேப்பேன். முழிப்பாங்க. போய்ப் பாத்துட்டு வான்னு விரட்டுவேன்.

நான் எழுதினதும் முதல்ல ஒழுங்கா ஓடலை. பேரு எழுதின சீட்டையும் பெட்டின்னு நினைச்சுக்கிட்டு, பேரை எழுத்து எழுத்தா பிச்சு, ஒத்தை எழுத்துக்குள்ளயும் பெட்டி இருக்கான்னு தேடித் தேடி, கடைசியில கம்ப்யூட்டரே கையைத் தூக்கிருச்சு. அதைச் சரி பண்ணினேன். அப்புறம் எங்க ஆளுங்க மாமன் மகளைக் கட்டுவாங்க, அத்தை மகனைக் கட்டுவாங்கல்ல, ஒரே குடும்பம் ஆம்பளை வழியில ஒரு பெட்டியிலயும் பொம்பளை வழியில இன்னொரு பெட்டியிலயும் வந்து நின்னுச்சு. ஒரே வீட்டுக்கு ரெண்டு அழைப்பு. அதையும் கண்டுபிடிச்சு ஒண்ணாக்கினேன். சத்தம் போடுற தப்பு எல்லாத்தையும் பிடிச்சுட்டேன்க்கா. அப்புறம் எங்க வீட்டுப் பெட்டியை மட்டும் வச்சு ஓட்டிப் பாத்தேன். என் விசேஷத்துக்கு என்னையே எதுக்கு அழைக்கணும்னு, அதுல என் பெட்டியைப் போடலை. அப்பா, அம்மா, அண்ணன், அண்ணன் பிள்ளைங்க எல்லாரும் வரிசையா வந்தாங்க. பாத்துட்டு நானே எனக்குக் கை தட்டிக்கிட்டேன்.

நான் பண்ணினது என்னன்னா, மூடியில இருக்கற பேரைப் படிக்கறதுக்கு முன்னாலயே, உள்ள காலியான்னு பாக்கச் சொல்லிட்டேன். காலின்னா அப்படியே திரும்பி வந்துரும். மூடியில என்ன பேரு எழுதியிருந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது. பேரைப் படிச்சுட்டு அப்புறம் காலியான்னு பாத்திருக்கணும். ஒரு வரிதான். மேல, கீழ.

இப்ப யோசிச்சுப் பாருங்க. காலிப் பெட்டின்னா எந்தப் பெட்டி? கல்யாணம் ஆகி, பிள்ளை இல்லாதவங்க வீடு.

ஆமாக்கா. வளைகாப்புக்கு. வேற எந்த விசேஷமா இருந்தாலும் பரவாயில்லையே, இதுக்குப் போய்.

நம்ம பக்கத்துல வழக்கம் உங்களுக்குத் தெரியாததா. பிள்ளை இல்லாதவங்களை வளையல் போடக் கூப்பிட மாட்டாங்க. கூப்பிட்டாலும் பந்தியில உக்கார வச்சுட்டு மணைகிட்ட நிக்க விடமாட்டாங்க. எனக்கு அதுலயெல்லாம் நம்பிக்கையே கிடையாது. நான் சகுனம் பாக்க மாட்டேன், ராகுகாலத்துல கடைக்குப் போவேன். என் கம்ப்யூட்டர் போய், ஒண்ணு விடாம, பிள்ளை இல்லாத வீடாப் பொறுக்கி எடுத்து விட்டிருக்கு.

அம்மாவும் சித்தியும் நான் குடுத்த பேப்பரைத் தெருவாரியா வச்சுக்கிட்டு, குங்குமச்சிமிழும் வெத்தலை பாக்குமா வீடு வீடா ஏறி இறங்கி அழைச்சுட்டு வந்தாங்க. வளைகாப்பும் நடந்துச்சு. நல்லாவே நடந்துச்சு. கை நிறைய வளையல், கலவை சாதம், ஃபோட்டோ. நான் மட்டும் நடுநடுவுல தேடிட்டே இருந்தேன், தவமணி மதினியை எங்க காணோம்னு.

தவமணி மதினி எங்க பெரியப்பா மருமக. பெரியப்பா, பெரியம்மா ரெண்டு பேரும் தவறிட்டாங்க. மதினியும் சுடலைமுத்து அண்ணனும் மட்டும் எங்க தெருவுலயே கீழக் கோடியில இருக்காங்க. ரவிக்கை தைப்பாங்க. அவங்க கல்யாணமாகி வந்த நாள்லயிருந்து என் துணி பூரா அவங்க தச்சதுதான். பத்தாவதுல எனக்கு அம்மை போட்டப்ப அம்மாவுக்கும் சேர்ந்து போட்டுருச்சு, அப்ப எங்க வீட்ல வந்து இருந்து பாத்துக்கிட்டது அவங்கதான். அவங்களுக்குக் கல்யாணமாகி பதினாலு வருஷம். போகாத ஆஸ்பத்திரி இல்லை. வளைகாப்புக்கு நான் போட்டிருந்த ரவிக்கையும் அவங்க தச்சதுதான்க்கா. "வயிறு ஏறும், கொஞ்சம் தாராளமா விட்டிருக்கேன்"னு சொல்லிக் கூலி வாங்காம குடுத்தாங்க. அந்த ரவிக்கையைப் போட்டுக்கிட்டு, மணையில உக்காந்து, "மதினி எங்கம்மா?"ன்னு கேக்கறேன். "தைக்கிற வேலை குமிஞ்சு கிடக்கும், வருவா"ன்னாங்க அம்மா.

எல்லாம் முடிஞ்ச மறுநாள் சாத்தூர் அத்தை அப்பாவுக்குப் போன் பண்ணினாங்க. அவங்களுக்கும் பிள்ளை கிடையாது. சத்தம் போடலை. "நாங்க வந்திருந்தாலும் ஒதுங்கித்தானே நின்னிருப்போம் அண்ணே. கூப்பிட்டிருக்கலாம்"னு சொல்லிட்டு வச்சுட்டாங்க. அதுக்கப்புறம் ஒவ்வொருத்தராத் தெரிய ஆரம்பிச்சுது. விட்டுப்போனவங்க எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிட்டாங்க. பேசினா தெரிஞ்சுராதா, நமக்கெல்லாம் என்ன ஒத்துமைன்னு. ஊர் பூரா என்ன பேச்சுங்கறீங்க? "படிச்ச பிள்ளைல்ல, கம்ப்யூட்டரை வச்சு மலடி பூராத்தையும் சலிச்சு எடுத்துட்டா"ன்னு.

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. என்னையப் போய்! நான் அப்படிப்பட்ட ஆளான்னு அழுதேன். அப்பவே புரோகிராமைத் திறந்தேன், திறந்த உடனே கண்ணுல பட்டுச்சு அந்த வரி. வெக்கம்னா வெக்கம், அப்படியொரு வெக்கம். சின்னப் பிள்ளைங்க பண்ற தப்பு. என்கிட்ட படிச்ச பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சா சிரிப்பாங்க.

அப்புறம் நான் சும்மா இருக்கலைக்கா. ஒரு வீடு பாக்கி விடாம போன் போட்டு, இது வேணும்னு பண்ணினது இல்லை, இப்படித்தான் ஆச்சுன்னு பெட்டிக் கதையைச் சொன்னேன். வாட்ஸ்அப்ல எங்க குடும்பத்துக்குன்னு ஒரு குரூப் இருக்கு, அதுல என் குரல்லயே பேசி அனுப்பினேன். தவமணி மதினி, சாத்தூர் அத்தை, எட்டயபுரத்து அண்ணன் வீடுன்னு ஒவ்வொரு பேராச் சொல்லி, பிள்ளை இல்லாத வீட்டை மட்டும் புரோகிராம் எப்படி விட்டுருச்சுன்னு தெளிவா விளக்கினேன். நிறையப் பேரு கை கூப்பின படம் போட்டாங்க. மதினி மட்டும் குரூப்பை விட்டுப் போயிட்டாங்க. என் போனையும் எடுக்கலை.

அம்மாகிட்டயும் சண்டை போட்டேன். "நான்தான் கம்ப்யூட்டரை நம்பினேன், நீ தெருவுல நடந்து போனியே, மதினி வீட்டைத் தாண்டித்தானே போயிருப்பே, உனக்குத் தோணலையா?"ன்னு. அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? "பேப்பர்ல பேரு இல்லை. சரி, பிள்ளை பக்குவமா யோசிச்சு விட்டிருக்குன்னு நினைச்சேன். வந்து நின்னு யாராவது ஒண்ணு சொல்லி அவ மனசு நொந்து போறதுக்கு, இது நல்லதுதானே"ன்னாங்க. பாத்தீங்களா? எங்கம்மாவை நினைச்சு எனக்கு அவ்வளவு அவமானமா இருந்துச்சு. தப்பு பண்ணினது ஒரு வரின்னா, அதைச் சரின்னு ஏத்துக்கிட்டது அம்மாதான்னு என் மனசுல நான் தீர்ப்பே எழுதிட்டேன்.

அப்புறம் பிரசவம், மெட்ராஸ், அது இதுன்னு போயிருச்சு. இப்ப பாப்பாவுக்கு நாலு மாசம். எப்படியாவது மதினியை நேர்ல பாத்துப் பேசிரணும்னுதான் வந்தேன். இன்னைக்குக் காலையில, பஸ் ஏற முன்னால, பிள்ளையையும் லேப்டாப்பையும் தூக்கிக்கிட்டு அவங்க வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தாங்க. ஒரு நிமிஷம் என்னையப் பாத்தாங்க. அப்புறம் கையை நீட்டிப் பாப்பாவை வாங்கிக்கிட்டாங்க. உச்சந்தலையை மோந்து பாத்துட்டு, "முடி அடர்த்தியா வந்திருக்கே"ன்னாங்க. எனக்குப் பாதி உசிரு வந்துருச்சு. துணி வெட்டுற மேசையில லேப்டாப்பைத் திறந்து வச்சு, உங்ககிட்ட சொன்ன மாதிரியே பெட்டி, மூடி, சீட்டு எல்லாம் சொன்னேன். அந்த வரியைத் தொட்டுக் காட்டினேன். பாப்பா அவங்க கழுத்துல கிடந்த அளவு நாடாவைப் பிடிச்சு இழுத்துட்டு இருந்துச்சு. பொறுமையாக் கேட்டாங்க.

"புரியுது செண்பா. பிள்ளை இல்லாத வீட்டை எல்லாம் அது விட்டுருச்சு"ன்னாங்க.

"ஆமா மதினி! அவ்வளவுதான் மதினி!"ன்னேன். சந்தோஷமா வேற சொன்னேன்க்கா, அவங்களுக்குப் புரிஞ்சுருச்சேன்னு.

"அப்ப மீனலோசனி எப்படி வந்தா?"ன்னு கேட்டாங்க.

மீனலோசனி எங்க சித்தப்பா மகனைக் கட்டின பொண்ணு. என் வளைகாப்பு அப்ப அவளுக்குக் கல்யாணமாகி ரெண்டு மாசம் கூட ஆகலை. பட்டுச்சேலை கட்டிக்கிட்டு வந்து எனக்கு வளையல் போட்டுட்டுப் போனா. மதினி வீட்டு வழியாத்தான் போயிருக்கா.

"அவளுக்கும் அப்ப பிள்ளை கிடையாதே. அவ பெட்டியும் காலிதானே?"

நடந்தது என்னன்னா, பேப்பரை அடிச்சுக் குடுத்தப்ப அம்மா விரலை வச்சுப் பாத்துட்டே வந்து, "ஏ, புதுப்பொண்ணு பேரைக் காணோமே, எழுதிக்கோ"ன்னாங்க. பேனாவை எடுத்து அடியில எழுதினேன்.

"அம்மா சொன்னாங்க மதினி, கையால எழுதிச் சேத்தது"ன்னேன்.

"யாரு கையால?"

"என் கையாலதான்."

ஆபீஸ்ல ஒரு பேரு விட்டுப்போச்சுன்னா நான் விட மாட்டேன்க்கா. ஒண்ணு விட்டுப்போனா அது ஒண்ணோட நிக்காது, அதே மாதிரி இன்னும் இருக்கும், போய்த் தேடுன்னு எத்தனை பிள்ளைங்களை விரட்டியிருக்கேன். அன்னைக்கு நான் தேடலை. ஒரு பேரைப் பேனாவால எழுதிட்டு, பேப்பரை மடிச்சு அம்மா கையில குடுத்துட்டேன். "அப்ப கூடவா என் ஞாபகம் வரலை?"ன்னு மதினி கேட்டாங்க. வரலை மதினி, சத்தியமா வரலைன்னு சொன்னேன். உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும்? வந்துச்சு. மூடியைத் திறந்து பாக்கற மாதிரி ஒரு நிமிஷம் வந்துச்சு. அதெல்லாம் அம்மா பாத்துக்குவாங்கன்னு நானே மூடிட்டேன். பேரு இல்லைன்னா ஒரு சங்கடம் இல்லாம முடியும்னு எனக்கும் தோணியிருக்கு. அம்மாவுக்குத் தோணினதேதான்.

மதினி கோவிச்சுக்கலை. மெதுவாத்தான் பேசினாங்க. "அன்னைக்கு உங்கம்மாவும் சித்தியும் தெரு முக்கு திரும்பறதை மாடியிலயிருந்து பாத்துட்டேன். ஓடி வந்து பாலை அடுப்புல வச்சேன். அழைக்க வந்தவங்களைக் காபி குடிக்காம அனுப்பக் கூடாதுல்ல. வாசலுக்கு வந்து பாத்தா, அடுத்த வீட்டுப் படி ஏறிட்டு இருக்காங்க. நான் நின்னதை உங்கம்மா பாத்தாங்க. சிரிச்சுட்டு, வெயிலு அதிகம்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க"ன்னாங்க.

எனக்கு அழுகை வந்துருச்சு. "மன்னிச்சிருங்க மதினி, உங்களை வேணும்னு விடலைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், இப்ப எல்லாருக்கும் தெரியும்"னு அழுதேன்.

அப்பத்தான்க்கா அவங்களுக்குக் கோவம் வந்துச்சு. பாப்பாவை என் மடியில வச்சுட்டாங்க.

"அதைத்தான் நிறுத்துங்கறேன். உங்கம்மா என்னைய விட்டது ஒரு நாளு. அழுதேன், முடிஞ்சுது. நீ விடவே மாட்டேங்கறியே. வீடு வீடாப் போன் போட்டு, குரலை அனுப்பி, என் பேரைச் சொல்லி... உன் மேல தப்பு இல்லைன்னு நீ ஒவ்வொரு தடவை சொல்றதுக்கும், தவமணிக்குப் பிள்ளை இல்லைன்னுதானே முதல்ல சொல்ல வேண்டியிருக்கு? மெட்ராஸ்ல உன் ஆபீஸ் வரைக்கும் சொல்லியிருப்பே. எனக்குன்னு நீ எதாவது செய்யணும்னா, இனிமே இதை யார்கிட்டயும் சொல்லாத. உன்னையத் தப்பா நினைச்சா நினைச்சுட்டுப் போறாங்க."

ஆபீஸ்ல சொல்லத்தான் செஞ்சேன். புதுசா வந்த பிள்ளைங்களுக்குப் பாடமா நடத்தினேன், சிரிக்கச் சிரிக்க. அதை மதினிகிட்ட எப்படிச் சொல்றது? தலையை ஆட்டினேன். அவங்க கையைப் பிடிச்சு, பிள்ளை மேல சத்தியமா இனி ஒருத்தர்கிட்டயும் இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்னு சொன்னேன். சொல்லிட்டு லேப்டாப்பை மூடிக்கிட்டு, நேரா பஸ் ஸ்டாண்டு வந்து, ஏறி உக்காந்து, உங்ககிட்ட ஜன்னலைச் சாத்தச் சொல்லி...

ஐயோ.

இன்னும் விருதுநகர் கூட வரலையேக்கா. நீங்க யாரோ எவரோ. அவங்க தெரு, தொழிலு, எத்தனை வருஷம், ஒண்ணு விடலையே நான். காலையில பிடிச்ச கையோட சூடு கூட ஆறலை. என்னைய நல்லவள்னு ஒருத்தர் சொல்லணும், அதுக்கு நான் யாரைத் தூக்கி நடுவுல வச்சாலும் வைப்பேன் போல. என்ன பிறவி நான். வெக்கமா இருக்குக்கா, உங்க முகத்தைப் பாக்கவே வெக்கமா இருக்கு.

ஒண்ணும் சொல்லாதீங்க. ஆறுதல் எல்லாம் வேண்டாம். திருமங்கலத்துல இறங்கினதும், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அந்தப் பேரை மட்டும் மறந்துருங்க.